9 ரூபா மூடி இல்லாட்டியும் லைன் நிக்கும்: சப்ளை செயின் ரிஸ்க்க எங்க இருந்து பார்க்கத் தொடங்கிறது

சப்ளை செயின் ரிஸ்க் எண்டு சொன்ன உடன எல்லாருக்கும் ஞாபகம் வாறது பெரிய பெரிய விஷயங்கள்தான், யுத்தம், கொரோனா, செங்கடல்ல கப்பலுக்கு அடிக்கிறது, டொலர் இல்லாத காலம். அதெல்லாம் உண்மைதான். ஆனா ஒரு பெக்டரில பர்ச்சேசிங்லயோ ஸ்டோர்ஸ்லயோ புதுசா வேலைக்குச் சேர்ந்த ஒருத்தருக்கு அந்த லிஸ்ட வச்சு ஒண்டும் செய்ய ஏலாது, ஏனெண்டா அடுத்தது எது வரும் எண்டு யாருக்கும் தெரியாது. அதால காரணத்த கொஞ்ச நேரம் விட்டுட்டு சாமான்ல இருந்து தொடங்குங்க. உள்ளுக்கு வாற ஒவ்வொரு சாமானுக்கும் ரெண்டு கேள்வி கேளுங்க. இது இண்டைக்கு நிண்டா நாங்க எத்தின நாள் ஓடலாம்? இது திரும்ப எங்கட ஸ்டோர்சுக்கு வாறதுக்கு எத்தின நாள் எடுக்கும்? முதலாவது நம்பர் ரெண்டாவத விடச் சின்னன் எண்டா அங்கதான் உங்கட ரிஸ்க் இருக்கு, காரணம் வெள்ளமா இருந்தாலும் சரி, பேங்க் பிரச்சினையா இருந்தாலும் சரி.

இந்த ரெண்டு நம்பர வச்சுப் பார்க்கிற முறைய அமெரிக்காவுல எம்ஐடி பல்கலைக்கழகப் பேராசிரியர் டேவிட் சிம்ச்சி-லெவியும் அவரோட வேலை செய்தவங்களும் ஃபோர்ட் கார் கம்பெனியில செய்து காட்டினாங்க. கூடக் காசு குடுத்து வாங்குற சப்ளையர்கள விட, மலிவான சின்ன பார்ட்ஸ் குடுக்கிற சில பேர்கிட்டதான் பெரிய ஆபத்து இருந்திச்சு எண்டு அதுல தெரிய வந்திச்சு. எங்கட ஊர் பெக்டரிகளுக்கும் இது அப்பிடியே பொருந்தும் எண்டு நான் நம்புறன், ஏனெண்டா நாங்க மீட்டிங்ல விலை கூடின சாமானப் பத்தித்தான் கதைக்கிறோம், மலிவு சாமான் தானா வரும் எண்டு விட்டுடுறோம்.

விளங்கிறதுக்கு ஒரு கற்பனை பெக்டரி எடுப்பம், ரத்மலானைப் பக்கம், பாத்திரம் கழுவுற லிக்விட் செய்றாங்க, நாளைக்கு 8,000 போத்தல் நிரப்புறாங்க. உள்ளுக்கு வாறது நுரைக்கு எஸ்எல்இஎஸ் கெமிக்கல், உப்பு, வாசனை, கலர், போத்தல், மூடி, லேபல், கார்ட்டன் பெட்டி. முதலாளி ஒவ்வொரு நாளும் விசாரிக்கிறது கெமிக்கல் விலைய, ஏனெண்டா மாசச் செலவுல பெரிய பங்கு அதுக்குத்தான் போகுது. மூடி ஒண்டு 9 ரூபா, சீனாவுல இருந்து வருது, ஒரே ஒரு சப்ளையர். ஸ்டோர்ஸ்ல 96,000 மூடி இருக்கு, அப்ப 12 நாள் ஓடலாம்.

இப்ப அந்த சப்ளையர் நிண்டுட்டார் எண்டு வைங்க. வேற ஆளத் தேட வேணும், கோட்டேஷன் எடுக்க வேணும், சாம்பிள் கொண்டுவர வேணும், போத்தல்ட கழுத்து அளவு 28/410 எண்டா மூடியும் அதே 28/410 எண்டு சொல்லி வந்தாலும் போத்தல நிரப்பிப் படுக்கவச்சு ஒழுகுதா எண்டு சில நாள் பார்க்க வேணும், பிறகு அவங்க செய்றதுக்கு மூண்டு கிழமை, கப்பல்ல ரெண்டு மூண்டு கிழமை, கிளியர் பண்ண ஒரு கிழமை. எல்லா வேலையும் நல்லா நடந்தா 55 நாள் எண்டு வைப்பம். 55ல 12 போக 43 நாள் லைன் சும்மா நிக்கும். ஒரு போத்தல்ல 60 ரூபா மிஞ்சுது எண்டா 43 நாளுக்கு 2 கோடியே 6 லட்சத்து 40 ஆயிரம் ரூபா போகுது. சுப்பர்மார்க்கெட் ராக்கைல உங்கட இடத்துக்கு வேற பிராண்ட் வந்து இருக்கிறது இந்தக் கணக்குல இல்ல.

அந்த 43 நாளுக்கான மூடிய முந்தியே வாங்கி வைக்க எவ்வளவு? 344,000 மூடி, 9 ரூபாப்படி 30 லட்சத்து 96 ஆயிரம். வட்டி 12 வீதம் எண்டா அந்தக் காசு முடங்கிக் கிடக்கிறதுக்கு வருசத்துக்கு 3 லட்சத்து 71 ஆயிரத்துச் சொச்சம். பெட்டிக்கு 2,000 எண்டா 172 பெட்டி, ஸ்டோர்ஸ்ல ஒரு மூலை போதும். முதலாளிகிட்ட போய் ரிஸ்க் இருக்கு சேர் எண்டு சொன்னா ஒண்டும் நடக்காது, ஆனா 2 கோடி நட்டத்துக்கு எதிரா வருசத்துக்கு 4 லட்சத்துக்கும் குறைவான செலவு எண்டு ஒரு பேப்பர்ல எழுதிக் காட்டினா அவரே மிச்சத்தக் கேப்பார். கன இடத்துல ரிஸ்க் ரெஜிஸ்டர் எண்டு ஒரு எக்செல் இருக்கும், நடக்கிற சாத்தியத்துக்கு 1 தொடக்கம் 5, பாதிப்புக்கு 1 தொடக்கம் 5, பெருக்கி சிவப்பு மஞ்சள் பச்சை அடிச்சு ஓடிட்டுக்குக் காட்டுவாங்க. எனக்கு அதுல பெரிசா நம்பிக்கை இல்ல. 2019ல யாராவது நாடு டொலர் இல்லாம நிக்கிறதுக்கு 5 போட்டிருப்பாங்களா? சாத்தியத்துக்கு நம்பர் போடுறது ஊகம், 12 நாளும் 55 நாளும் ஸ்டோர்ஸ் அண்ணாவையும் கிளியரிங் ஏஜென்டையும் கேட்டு எழுதக்கூடிய உண்மையான நம்பர்.

எல்லாத்துக்கும் கூட வாங்கி அடுக்கிறதுதான் மருந்து எண்டு நினைச்சிராதீங்க. மூடி கெட்டுப்போகாது, மலிவு, அதால அதுக்கு ஸ்டொக் சரி. வாசனை எண்ணெய்க்கு காலாவதி இருக்கு, சூட்டுல பழுதாகும், நெருப்புப் பிடிக்கிற சாமான், அத வருசக்கணக்குக்கு வைக்க ஏலாது, அதுக்கு இன்னொரு சப்ளையர இப்பவே டெஸ்ட் பண்ணி ஓகே பண்ணி வைக்கிறதுதான் வழி. மூடிக்கே இன்னொரு வழியும் இருக்கு: இப்ப போடுற பிளிப் மூடி இல்லாத நேரத்துல அதே 28/410 கழுத்துக்கு லோக்கல்ல கிடைக்கிற சாதாரண ஸ்க்ரூ மூடி போடலாமா எண்டு இண்டைக்கே மார்க்கெட்டிங்கையும் தரம் பார்க்கிற கியூசியையும் கேட்டு, ஒழுகல் டெஸ்ட் செய்து, கையெழுத்து வாங்கி ஃபைல்ல வைக்கிறது. இந்த வேலைக்குக் கிட்டத்தட்ட செலவே இல்ல, 55 நாள 10 நாளாக்கிடும். பதட்டத்துல ஆள் ஆளுக்கு கதைக்கிற நேரம் இத ஓகே பண்ண வெளிக்கிட்டா ரெண்டு கிழமை மீட்டிங்லயே போகும்.

போத்தல் லோக்கல்தானே, அதுல என்ன ரிஸ்க் எண்டு கேக்கலாம். ரெண்டு விஷயம் பாருங்க. ஒண்டு மோல்ட், அதாவது போத்தல் வார்க்கிற அச்சு. காசு குடுத்து மோல்ட் செய்தது நீங்க, ஆனா அது கிடக்கிறது போத்தல் அடிக்கிறவர்ட இடத்துல. அவர்ட பெக்டரி களனி கங்கைக்குப் பக்கத்துல, கடுவெல பியகமப் பக்கம் எண்டா, 2016 மே மாச வெள்ளம் மாதிரி ஒண்டு வந்தா மோல்டும் தண்ணிக்குள்ள, மெஷினும் தண்ணிக்குள்ள. அவருக்கும் பேங்குக்கும் பிரச்சினை வந்து கதவுக்கு சீல் வச்சா உங்கட மோல்ட நீங்களே வெளில எடுக்க ஏலாது. அதால மோல்ட் எங்கட சொத்து, கேட்ட உடன தர வேணும் எண்டு எழுத்துல ஒப்பந்தம், மோல்ட்ல உங்கட பேர் நம்பர் பொறிச்சு ஒரு படம், ஏலும் எண்டா ரெண்டாவது மோல்ட் வேற ஏரியாவுல வேற ஆள்கிட்ட. சப்ளையர்ட இடத்துக்கு நேர போய்ப் பாருங்க, சுவர்ல வெள்ளத் தண்ணி நிண்ட கறை எந்த உயரத்துல இருக்கு எண்டு பாருங்க, பக்கத்துக் கடைக்காரர்ட கேளுங்க, அது எந்த ரிப்போர்ட்டையும் விட நல்ல தகவல்.

மற்றது, சப்ளையருக்குப் பின்னால நிக்கிற சப்ளையர். போத்தலுக்கு ரெண்டு பேர் வச்சிருக்கிறோம், ஒருத்தர் பியகம, மற்றவர் ஹொரணை, அப்ப பயமில்ல எண்டு இருப்பீங்க. ரெண்டு பேரும் போத்தல் செய்ற பிளாஸ்டிக் மணிய ஒரே இம்போட்டர்கிட்ட வாங்குறாங்க எண்டா உங்களுக்கு ரெண்டு சப்ளையர் இருக்கிறது பேப்பர்ல மட்டும்தான். உலகத்துல இதுக்கு நல்ல உதாரணம் 2011 மார்ச் 11 ஜப்பான் பூகம்பம். காருக்கு அடிக்கிற மினுங்கிற பெயின்ட்ல போடுற ஸிராலிக் எண்ட ஒரு பொடி, ஜெர்மன் மெர்க் கம்பெனியிட சாமான், அது அந்த நேரம் உலகத்துலயே ஒரே ஒரு இடத்துலதான் செய்தாங்க, ஃபுகுஷிமாவுல ஒனஹாமா பெக்டரில. அது நிண்ட உடன ஃபோர்ட் உட்பட கார் கம்பெனிகள் சில கறுப்பு சிவப்பு கலர் கார்களுக்கு ஓடர் எடுக்கிறத நிப்பாட்ட வேண்டி வந்திச்சு. பெயின்ட் கம்பெனிய மாத்தினாலும் அந்தப் பொடி ஒரே இடத்துல இருந்துதான் வருது எண்டா மாத்தி என்ன பிரயோசனம்? அதால உங்கட முக்கியமான பத்துப் பதினஞ்சு சாமானுக்காவது சப்ளையர்கிட்ட கேளுங்க, நீங்க இத எங்க இருந்து எடுக்கிறீங்க, எந்த நாடு, எந்த பெக்டரி எண்டு. சில பேர் சொல்ல மாட்டாங்க, நேர அங்க போய் வாங்கிடுவோம் எண்டு பயம். பேர் வேண்டாம், நாட்டையும் ஊரையும் மட்டும் சொல்லுங்க எண்டு கேட்டா கன பேர் சொல்லுவாங்க.

அடுத்தது லீட் டைம், புதுசா வாறவங்க இதுலதான் கூடக் குழம்புறது. கப்பல் ஓடுற நாள் மட்டும் லீட் டைம் இல்ல. பிஓ (ஓடர் கடிதம்) அடிச்ச நாள்ல இருந்து எல்சி (சப்ளையருக்குக் காசு வரும் எண்டு பேங்க் குடுக்கிற உத்தரவாதம்) திறந்து, அவங்க செய்து முடிச்சு, கப்பல்ல இடம் கிடைச்சு, கடல்ல வந்து, கொழும்பு ஹாபர்ல இறங்கி, கஸ்டம்ஸ் முடிஞ்சு, எஸ்எல்எஸ்ஐ (இலங்கை கட்டளைகள் நிறுவனம்) பரிசோதனை வேணும் எண்ட சாமான் எண்டா அதுவும் முடிஞ்சு, லொறில ஏறி ஸ்டோர்ஸ்ல ஜிஆர்என் (சாமான் கிடைச்சது எண்டு எழுதுற சீட்டு) போட்ட நாள் வரைக்கும் எண்ணுங்க. 2023 நவம்பர்ல இருந்து செங்கடல்ல கப்பல்களத் தாக்கத் தொடங்கின பிறகு பெரிய கப்பல் கம்பெனிகள் சூயஸ் பக்கம் போகாம ஆபிரிக்காவுக்குக் கீழால நன்னம்பிக்கை முனையச் சுத்திப் போனாங்க, ஐரோப்பாவுல இருந்து வாற சாமானுக்கு பத்து நாள் ரெண்டு கிழமை கூடிச்சு. சீனாவுல இருந்து வாங்குற எங்களுக்கு என்ன எண்டு இருக்க ஏலாது, கப்பல் அங்க சுத்தினா உலகம் முழுக்க கப்பலும் வெறும் கன்டெய்னரும் தட்டுப்பாடு, கொழும்பு வேற டிரான்ஸ்ஷிப்மென்ட் ஹாபர், இறங்குற கன்டெய்னர்ல பெரும்பங்கு இந்தியாவுக்கும் மற்ற நாட்டுக்கும் மாத்தி ஏத்துறது, அது குவிஞ்சா உங்கட கன்டெய்னரும் காத்துக்கொண்டு நிக்கும்.

ஸ்டொக் எவ்வளவு வைக்கிறது எண்டதுக்கு தொடக்கத்துக்குப் போதுமான ஒரு கணக்கு இருக்கு. கூடினபட்சம் ஒரு நாளைக்கு எவ்வளவு பாவிச்சம், அத கூடினபட்ச லீட் டைமால பெருக்குங்க. சராசரி பாவிப்ப சராசரி லீட் டைமால பெருக்கி அதுல இருந்து கழிங்க. வாறதுதான் சேஃப்டி ஸ்டொக். எங்கட மூடிக்கு சராசரி 8,000, கூடினது 9,500, சராசரி லீட் டைம் 45 நாள், ஒருதரம் 70 நாள் போயிருக்கு எண்டா 665,000ல 360,000 கழிச்சு 305,000. முந்தி நாங்க போட்ட 344,000க்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல, ரெண்டு பக்கத்தால பார்த்தாலும் கிட்டத்தட்ட ஒரே இடத்துக்கு வருது. ஆனா பழைய ஷிப்மென்ட் ரெக்கோட் இல்லாம இந்தக் கணக்குப் போட ஏலாது, அதால ஒவ்வொரு ஷிப்மென்டுக்கும் பிஓ திகதியையும் ஜிஆர்என் திகதியையும் இண்டைல இருந்து எழுதத் தொடங்குங்க.

காசு ரிஸ்க் பத்தி இலங்கைல இருக்கிற யாருக்கும் கன நேரம் சொல்லத் தேவையில்ல. 2022 மார்ச் தொடக்கத்துல 200 ரூபா சொச்சமா இருந்த டொலர் மே மாசத்துல 360 வரைக்கும் போச்சு. ஏப்ரல் 12ந் திகதி அரசாங்கம் வெளிநாட்டுக் கடன் கட்டுறத நிப்பாட்டுறோம் எண்டு அறிவிச்ச பிறகு எங்கட பேங்க் எல்சிய வெளிநாட்டு சப்ளையர்கள் லேசுல ஏத்துக்கொள்ள இல்ல, வெளிநாட்டு பேங்க் ஒண்டு கன்ஃபர்ம் பண்ண வேணும், இல்லாட்டி முழுக் காசும் முன்கூட்டி பேங்க் மூலம் அனுப்புங்க எண்டாங்க. மார்ச் கடைசில நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டு, டீசல் இல்ல, லொறி இல்ல, வேலையாக்கள் வர பஸ் இல்ல. அந்த நேரம் ஓரளவு தாக்குப் பிடிச்சது யார் எண்டு பார்த்தா, எக்ஸ்போட் வருமானம் டொலர்ல வச்சிருந்தவங்களும், பல வருசப் பழக்கத்தால கடனுக்குச் சாமான் அனுப்ப சப்ளையர் இருந்தவங்களும்தான். உள்ளூருக்கு மட்டும் விக்கிற பெக்டரிக்கு முதலாவது வழி இல்ல, ரெண்டாவது வழிய நல்ல காலத்துலயே கட்ட வேணும்: சொன்ன நாள்ல காசு கட்டுறது, பிந்தும் எண்டா அவங்க கேக்க முந்தி நாங்களே சொல்றது. ஒரே பேங்க்ல மட்டும் எல்சி வசதி வைக்காதீங்க. உங்கட சாமான்கள்ட எச்எஸ் கோட் (கஸ்டம்ஸ்ல சாமான வகைப்படுத்துற நம்பர்) எல்லாம் ஒரு தாள்ல இருக்கட்டும், இறக்குமதிக் கட்டுப்பாடு பத்தி கெசட் வந்தா அண்டைக்கே ஒப்பிட்டுப் பார்க்கலாம். சுப்பர்மார்க்கெட்டோட வருச ஒப்பந்தம் போடுறீங்க எண்டா டொலர் இவ்வளவு ஏறினா விலையத் திரும்பக் கதைக்கலாம் எண்ட ஒரு வரி அதுல இருக்க வேணும்.

இன்சூரன்ஸ் விஷயத்துல ஒண்டே ஒண்டு சொல்றன், கன பேருக்கு இது தெரியாது. சிஐஎஃப் விலைக்கு (கப்பல் கூலியும் இன்சூரன்சும் சேர்ந்த விலை) வாங்கினா இன்சூரன்ஸ் சப்ளையர் போடுவார், சரி, ஆனா இன்கோடேர்ம்ஸ் 2020 எண்ட சர்வதேச வியாபார விதிகள் படி அவர் போடக் கட்டாயமானது மிகக் குறைஞ்ச கவர் மட்டும்தான், கார்கோ கிளோஸஸ் சி எண்டு சொல்றது. களவு, கன்டெய்னருக்குள்ள மழைத் தண்ணி, ஏத்தி இறக்கேக்க விழுந்து உடையிறது எல்லாம் அதுக்குள்ள வராது. கூடின கவரான ஏ கவர் கேளுங்க, இல்லாட்டி எஃப்ஓபிக்கு (கப்பல்ல ஏத்துற வரைக்குமான விலை) வாங்கி இங்க நீங்களே போடுங்க. 2021 மார்ச் 23 சூயஸ்ல குறுக்க மாட்டின எவர் கிவன் கப்பல 29ந் திகதி விடுவிச்சாலும் எகிப்துல இருந்து அது வெளிக்கிட ஜூலை ஆச்சு, அதோட கப்பல்காரர் ஜெனரல் அவரேஜ் அறிவிச்சார். அப்பிடி அறிவிச்சா கப்பல மீட்ட செலவ சாமான்காரங்க எல்லாரும் பங்கு போட வேணும், இன்சூரன்ஸ் இருந்தா அவங்க உத்தரவாதம் குடுப்பாங்க, இல்லாட்டி நீங்க கையால காசு வச்சாத்தான் சாமான் கிடைக்கும். இன்சூரன்ஸ் காசத் தரும், மூடியத் தராது எண்டதையும் மறக்க வேண்டாம், லைன் நிக்கிற 43 நாளுக்கு அது மருந்தில்ல.

பிரச்சினை வந்த பிறகு எவ்வளவு கெதியா அசையிறோம் எண்டதுல எவ்வளவு தங்கியிருக்கு எண்டு விளங்க 2000ம் ஆண்டு மார்ச் 17 நடந்தது நல்ல பாடம். அமெரிக்காவுல அல்புகர்கில இருந்த பிலிப்ஸ் சிப் பெக்டரில மின்னலால ஒரு சின்ன நெருப்பு, பத்து நிமிசத்துக்குள்ள அணைச்சுட்டாங்க. ஆனா புகையும் தூசியும், தூசி படாம சிப் செய்ற கிளீன் ரூமுக்குள்ள போயிட்டு. ஒரு கிழமை பிந்தும் எண்டு வாடிக்கையாளர்களுக்குச் சொன்னாங்க. போன் செய்ற நோக்கியா அத நம்பி இருக்க இல்ல, ஒவ்வொரு நாளும் விசாரிச்சாங்க, பிலிப்ஸிட மற்ற பெக்டரிகள்லயும் வேற கம்பெனிகள்லயும் சிப் எடுக்க ஏற்பாடு செய்தாங்க. இன்னொரு போன் கம்பெனி எரிக்சன் அந்த ஒரு கிழமைய நம்பி இருந்தாங்க, ஒரு கிழமை மாசக்கணக்காச்சு, அவங்களுக்கு ஏறக்குறைய 40 கோடி டொலர் நட்டம். ரெண்டு பேருக்கும் ஒரே நாள்ல ஒரே செய்திதான் வந்தது. அதால சப்ளையர் சின்னப் பிரச்சினை, அடுத்த கிழமை சரியாகும் எண்டு வட்ஸ்அப் போட்டா உடன கோல் எடுங்க: எந்த மெஷின், இப்ப கையில எவ்வளவு செய்து வச்சிருக்கிறீங்க, எங்களுக்கு முந்தி யாருக்குக் குடுக்கிறீங்க, ஒரு படம் அனுப்புங்க. பதில் மழுப்பலா வந்தா அண்டைக்கே ரெண்டாவது ஆளுக்குக் கதையுங்க, ஓடர் போடாட்டியும் பரவாயில்ல, வரிசைல ஒரு இடம் பிடிக்க வேணும்.

1997 பெப்ரவரி 1 ஐசின் எண்ட ஜப்பான் கம்பெனியிட பெக்டரி எரிஞ்சு டொயோட்டாவுக்கு பிரேக் வால்வ் இல்லாம லைன்கள் நிண்டதையும் சேர்த்துச் சொல்ல வேணும், ஏனெண்டா டொயோட்டா ஸ்டொக்கே வைக்காம ஓடுறதுக்குப் பேர் போன கம்பெனி. மற்ற சப்ளையர்கள் தங்கட மெஷின்ல அந்த வால்வ செய்து குடுத்தாங்க, தையல் மெஷின் செய்ற பிரதர் கம்பெனி கூட. கிட்டத்தட்ட ஒரு கிழமைல லைன்கள் திரும்ப ஓடத் தொடங்கிச்சு. நாங்க சப்ளையர்ட 30 நாள் காச 120 நாள் இழுத்தடிச்சுட்டு இப்பிடி ஒரு உதவிய எதிர்பார்க்க ஏலாது. அதோட, ஸ்டொக் இல்லாம ஓடலாம் எண்டு அவங்களப் பார்த்து நாங்க செய்ய வெளிக்கிட்டா பக்கத்துல நிண்டு செய்து குடுக்க ஆக்கள் இருக்க வேணும், எங்கட சாமான்ல பாதிக்கு மேல கடல் தாண்டித்தான் வருது.

தொடங்கிறதுக்கு சொஃப்ட்வெயார் ஒண்டும் வேண்டாம். ஒரு எக்செல்: சாமான், சப்ளையர், எந்த ஊர்ல செய்றது, கையில எத்தின நாளுக்கு இருக்கு, திரும்ப வர எத்தின நாள், இடைவெளி எத்தின நாள், நாளுக்கு எவ்வளவு நட்டம், மாற்று என்ன. கையிருப்ப சிஸ்டத்துல இருந்து எடுக்காதீங்க, முதல் தடவையாவது ஸ்டோர்சுக்குப் போய் எண்ணுங்க, உடைஞ்சது, கலர் மாறினது, பழைய டிசைன் லேபல் எல்லாம் சிஸ்டத்துல நல்ல சாமானாக் கிடக்கும். நட்டம் கூடின வரில இருந்து கீழ வாங்க, முதல் பத்து வரிய மட்டும் இந்தக் காலாண்டுல சரி பண்ணுங்க. மூண்டு மாசத்துக்கு ஒருக்கா திரும்பப் பாருங்க, இடைல சப்ளையர் மாறினாலோ விற்பனை ஏறினாலோ அந்த வரிய அண்டைக்கே மாத்துங்க, ஏனெண்டா நாளைக்கு 8,000 எண்டது 12,000 ஆனா அந்த 96,000 மூடி 8 நாள்ல முடிஞ்சுடும்.